பொட்டு வைத்த கிரைண்டர்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சியில் சட்டம் முழுவதையும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். பழுதான பொருளை விற்றவர் என்ன செய்ய வேண்டும், வாங்கியவர் எப்படி முறைப்பாடு செய்ய வேண்டும், எந்தப் படிவத்தை எத்தனை பிரதி நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் ஓய்வு பெற்றவன். படிவங்களின் எண்கள் எனக்கு மறந்துவிட்டன. அதனால் ஒரு குடையைப் பற்றியும் ஒரு கிரைண்டரைப் பற்றியும் மட்டும் சொல்கிறேன். குடையால் எனக்குத் தடிமன், தும்மல் எல்லாம் பிடித்தது. கிரைண்டரால் வேலை போகப் பார்த்தது.

கண்டியில், பாவனையாளர் முறைப்பாடுகளை விசாரிக்கும் நம் அலுவலகத்துக்கு நான் நாற்பத்தைந்து வயதில்தான் மாற்றலாகி வந்தேன். அதற்கு முன் கடைகளில் தராசு சோதிக்கும் வேலை. நல்ல வேலை அது. தராசு அழாது, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வராது, ‘ஐயா, நீங்களே ஒரு வழி சொல்லுங்க’ என்று கேட்காது. படிக்கல்லை வைத்தால் சரியா பிழையா என்று தெரிந்துவிடும். மனிதர்களையும் அப்படியே நிறுத்துவிடலாம் என்ற நினைப்போடுதான் இந்த மேசைக்கு வந்து உட்கார்ந்தேன்.

வந்த மூன்றாவது வாரம் ஓர் ஆசிரியர் குடையோடு வந்தார். புதுக் குடை, ஒழுகுகிறது என்றார். வாங்கி விரித்தேன். விரிந்தது. மடக்கினேன். மடங்கியது. கம்பிகளை எண்ணினேன். எட்டும் இருந்தன. ‘பொருளில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டு, தாளைக் கோவையில் கோத்து, குடையோடு மூத்த அதிகாரியின் மேசையில் வைத்தேன். ஐந்து நிமிடத்தில் ஒரு முறைப்பாட்டை முடித்துவிட்ட பெருமை எனக்கு.

எங்கள் மூத்த அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. எல்லோரும் அவரை மேடம் என்போம். அவர் குரலை உயர்த்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை; அது இன்னும் பயமாக இருக்கும். அன்று வெளியே நல்ல மழை. மேடம் கோவையை வாசித்தார். குடையை எடுத்து என் கையில் தந்து, மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் போய்விட்டு வரச் சொன்னார்.

“அங்கே என்ன வாங்கணும் மேடம்?” என்று கேட்டேன்.

“ஒன்றும் வாங்க வேண்டாம். போய்விட்டு வாங்க.”

போய்விட்டு வந்தேன். தலையிலிருந்து முதுகு வரை தொப்பலாக நனைந்திருந்தேன். என் மேசையில் ஒரு துவாயும் அதே கோவையும் தயாராக இருந்தன. தலையைத் துவட்டினேன், எழுதியதை வெட்டினேன், மறுபடி எழுதினேன். வாங்கியவர் ஒரு பொருளை எப்படிப் பாவிக்கிறாரோ அப்படியே பாவித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்பது எனக்குள் இறங்க ஒரு மழை போதுமாக இருந்தது. இதோடு வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றும் நினைத்தேன். அதுதான் அடுத்த பிழைக்கு ஆரம்பம்.

இனி கிரைண்டர். இது சில வருடம் கழித்து நடந்தது.

கமலவேணி வத்தேகமவுக்கு அப்பால் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய கணவர் லொறியில் மரம் ஏற்றும்போது தவறி விழுந்து, கால் முறிந்து, வீட்டோடு இருந்தார். வீட்டை ஓட்ட வேண்டியது இனிமேல் இவர்தான். கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு தோசை மா அரைத்து விற்கத் தொடங்கினார். மா நன்றாக இருந்திருக்க வேண்டும். வத்தேகம டவுனில் மூன்று சாப்பாட்டுக் கடைகள் தினமும் எடுப்பதாக ஒத்துக்கொண்டன. அந்த அளவுக்குக் கையால் அரைக்க முடியாது. அதனால் கண்டி டவுனுக்கு வந்து, பெரியதாக ஒரு புதுக் கிரைண்டர் வாங்கிப் போனார்.

நம்முடைய ஆட்கள் புதுப் பொருள் வாங்கினால் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். லொறியோ, தையல் மெஷினோ, ஃபிரிஜ்ஜோ, வீட்டுக்குள் வந்ததும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். கமலவேணியும் வைத்தார். கல் சுற்றுகிற பாத்திரத்தில் ஒன்று, முன்பக்கம் காற்றுப் போகும் ஓட்டைகளுக்கு மேலே ஒன்று, சுவிட்சில் ஒன்று. சூடம் காட்டினார். ஊறிய அரிசியைப் போட்டார். இருபது நிமிடம்கூட ஓடவில்லை, கிரைண்டர் நின்றது.

அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்காரர் அக்குறணையைச் சேர்ந்த முஸ்லிம், வயதானவர், ஹாஜியார் என்றுதான் டவுனில் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவர் பிளக்கைச் சொருகி, வெறும் கிரைண்டரை ஓட விட்டார். ஓடியது.

“மெஷின்ல ஒரு பிழையும் இல்லையே தங்கச்சி, நல்லாத்தானே சுத்திக்கிட்டு ஈக்குது. ஒங்கட தோட்டத்துல கரண்ட் கொறவா ஈக்கும்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. நான் குடையை விரித்துப் பார்த்த மாதிரியே அவரும் பார்த்திருக்கிறார்.

வீட்டில் மறுபடி அரிசி போட்டார், மறுபடி நின்றது. இரண்டாவது தடவை கடைக்குப் போனபோது, கிரைண்டரை இறக்குமதி செய்த கம்பனியின் பிரதிநிதி அங்கே இருந்தார். அவர் மெஷினை ஓட விடக்கூட இல்லை. பொட்டைக் காட்டினார். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, கடுகளவு எழுத்தில் இருந்த ஒரு வரியையும் காட்டினார். ‘பாவித்த அடையாளம் உள்ள பொருட்கள் திரும்ப ஏற்கப்பட மாட்டாது.’

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கமலவேணி கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்காராமலே சொன்னார்.

“ஐயா, அரிசி போட்டா நிக்கிது. அரிசி போடாட்டி ஓடுது. அரிசி போடாம நான் என்னத்தங்க விக்கிறது?”

இந்த மேசையில் இருந்த காலம் முழுவதும் இதைவிடத் தெளிவான முறைப்பாட்டை நான் கேட்டதில்லை. குடைப் பாடம் படித்தவன் அல்லவா, ஊறிய அரிசியும் உளுந்தும் கொண்டு வந்தால் இங்கேயே அரைத்துப் பார்க்கலாம் என்றேன்.

“கொண்டாந்திருக்கேங்க” என்று ஆட்டோவிலிருந்து வாளியை இறக்கினார். என்னைவிட ஓர் அடி முன்னால் இருந்தார்.

அலுவலகத்தின் நடுவில் கிரைண்டரை வைத்து அரைத்தோம். தோட்டத்தில் கரண்ட் குறைவு என்ற கதை இங்கே செல்லாது. கண்டி டவுன் கரண்ட். பதினெட்டாவது நிமிடத்தில் மெஷின் நின்றது. கருகிய நாற்றம் வந்தது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். நான் என் களக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதினேன்: ‘ஊறிய அரிசியுடன் இயக்கியபோது பதினெட்டு நிமிடத்தில் நின்றது. எரிந்த நாற்றம்.’ களக் குறிப்பேடு என்றால் உங்களுக்குத் தெரியும், பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சிட்டது, ஒரு தாளையும் கிழிக்க முடியாது.

அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் இன்று உங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. முறைப்பாடு உண்மை, பழுது உண்மை, என் கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஆனால் என் கண் அந்தப் பொட்டில் போய் நின்றது. புதன்கிழமை விசாரணை வைத்தால் கம்பனிக்காரர் அதைத்தான் பிடித்துக்கொள்வார் என்று தோன்றியது. பொட்டு பாவித்த அடையாளமா இல்லையா என்று அறிக்கையில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அதைச் சிங்களத்தில் எழுத வேண்டும். நம் வீட்டு விஷயத்தை ஓர் அரசாங்கக் கோவையில் விளக்கி எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. அதைவிட, உண்மையைச் சொன்னால், சோம்பலாக இருந்தது.

“அம்மா, புதன்கிழமை வரும்போது அந்தப் பொட்டை அழிச்சிட்டுக் கொண்டு வாங்க” என்றேன்.

அவர் கிரைண்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அழிக்கவாங்க?”

“ஆமா. அது இருந்தா அவங்களுக்குப் பேச ஒரு சாக்கு. சுத்தமா இருந்தா அவங்க வாயத் தொறக்க முடியாது.”

“ஐயா, எங்க வீட்டுக்காரரு இப்பதான் கால் கட்டு அவுத்து, ஒரு ரெண்டு எட்டு வைக்கிறாரு. இந்த நேரத்துல போயி வச்ச பொட்ட என் கையாலயே அழிக்கச் சொல்றீங்களே.”

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்குச் சில விஷயங்கள் உறைக்க நேரம் எடுக்கும். “அது மெஷின்தானேம்மா. புதுசு கெடச்சதும் திரும்ப வச்சுக்கலாம்” என்றேன். நானும் அதே கோயிலில் கும்பிடுகிறவன்தான்; என் மோட்டார் சைக்கிளிலும் பொட்டு இருந்தது. அதை யாராவது அழிக்கச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

“சரிங்க ஐயா. நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்றார்.

தராசு சோதித்த காலத்திலிருந்து எனக்கு ஒரு பழக்கம், செய்ததையும் சொன்னதையும் எல்லாம் எழுதிவிடுவேன். அவர் போனதும் அதே பக்கத்தில், முதல் வரிக்குக் கீழே எழுதினேன்: ‘பொட்டை அழித்துவிட்டுக் கொண்டு வருமாறு கூறினேன்.’ எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனேன். அறிக்கையைப் பிறகு எழுதலாம் என்று வைத்தேன்.

புதன்கிழமை வந்தது. விசாரணை அறையில் ஒரு நீள மேசை. இந்தப் பக்கம் நடுவில் மேடம், அவருக்குப் பக்கத்தில் நான். விசாரணை அதிகாரி என்ற முறையில் என் முதல் வேலை உண்மைகளை முன்வைப்பது. இரண்டாவது வேலை மொழிபெயர்ப்பு. மற்றவர்கள் தமிழில் சொல்வதை மேடத்துக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் ஹாஜியார், கம்பனிப் பிரதிநிதி, கமலவேணி. கம்பனிப் பிரதிநிதி யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கொழும்பிலிருந்து வந்தவர், டை கட்டியிருந்தார். மேசையின் மேல் கிரைண்டர். பொட்டின் தடம்கூட இல்லை. புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்தது போலவே வெள்ளையாக இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

கமலவேணியின் இரண்டு உள்ளங்கைகளிலும் துணி சுற்றியிருந்ததை அப்போதுதான் கண்டேன். என்ன நடந்தது என்று மேடம் கேட்கச் சொன்னார்.

“பழைய ஆட்டுக்கல்லுல கையால அரைக்கிறேங்க. மூணு கடைக்கும் அரைக்க முடியல. ஒரு கடைக்காரரு வேற ஆளுகிட்ட எடுக்கப் போயிட்டாரு. மத்த ரெண்டு பேரும் திங்கக்கெழம வரைக்கும் பாக்கிறோம்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள மெஷின் வராட்டி அதுவும் போச்சுங்க.”

நான் அதைச் சிங்களத்தில் சொன்னேன். மேடம் குறித்துக்கொண்டார். பிரதிநிதி எழுந்து, ஒரு திருப்புளியால் கிரைண்டரின் அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு மெஷினை மேடம் பக்கம் திருப்பினார்.

“பாருங்கோ. மோட்டருக்குள்ள தண்ணி போயிருக்கு. காத்து ஓட்டையால ஊத்தியிருக்கினம். சுருளெல்லாம் ஈரம். இது கம்பனியின்ர பிழையில்லை, பாவிச்ச ஆக்களின்ர பிழை. உத்தரவாத அட்டையில தெளிவா இருக்கு, மோட்டருக்குள்ள தண்ணி போனா உத்தரவாதம் இல்லை.”

எப்படி நடந்தது என்று எனக்கு உடனே விளங்கியது. காய்ந்த சந்தனம் சும்மா துடைத்தால் போகாது. நடுப் பொட்டு காற்று ஓட்டைகளுக்கு மேலேயே இருந்தது. கமலவேணி செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றித் தேய்த்திருக்கிறார். நான் சொன்னதைச் சுத்தமாகச் செய்திருக்கிறார்.

“ஆர் இதைக் கழுவினது?” என்று பிரதிநிதி கேட்டார்.

கமலவேணி என் பக்கம் திரும்பவே இல்லை. கிரைண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நான்தாங்க கழுவினேன்.”

“ஏன் கழுவினனீங்கள்?”

“அழுக்கா இருந்திச்சுங்க.”

மேடம் என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்க வேண்டும். என்னைக் காப்பாற்ற அந்த மனுஷி சொன்ன பொய்யை நானே என் வாயால், நல்ல சிங்களத்தில், பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். ‘அழுக்காக இருந்ததாம்.’ அதைச் சொன்னபோது எனக்கு ஏற்பட்ட வெட்கம் இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை.

நெருக்கடி என்றால் கடையை உடைத்துக்கொண்டு கூட்டம் வருவது, வெள்ளம் வருவது என்று நினைத்திருப்பீர்கள். என்னுடையது அந்த நீள மேசையில், மின்விசிறிக்குக் கீழே, ஒருவரும் சத்தம் போடாமல் வந்தது. களக் குறிப்பேடு என் மடியில் இருந்தது. அதன் முதல் வரி கமலவேணியைக் காப்பாற்றும்: தண்ணீர் போவதற்கு முன்பே, வெள்ளிக்கிழமையே மெஷின் நின்றது, நின்றதை நான் பார்த்தேன். இரண்டாவது வரி என்னை வேலையிலிருந்தே தூக்கிவிடும்: விசாரணைக்கு வைத்த பொருளைக் கழுவச் சொன்னதே விசாரணை அதிகாரி. முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடலாமா என்று யோசித்தேன். யோசிக்கவில்லை என்று உங்களிடம் பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரு குறிப்பேட்டிலிருந்து ஒரு வரி வாசித்தால், அந்தப் பக்கத்தைப் பார்க்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு. டை கட்டிய பிள்ளை கட்டாயம் கேட்பார். அப்போது இரண்டாவது வரியை மறைத்தவன் எழுதிய முதல் வரியை யார் நம்புவார்கள்?

ஆகவே இரண்டில் ஒன்று. இரண்டு வரியையும் காட்ட வேண்டும், அல்லது புத்தகத்தைத் திறக்கவே கூடாது. திறக்காவிட்டால் எனக்கு ஒன்றும் ஆகாது. கமலவேணி அந்தத் துணி சுற்றிய கைகளோடு எழுந்து, பஸ் ஏறி, வத்தேகமவுக்குப் போய்விடுவார். என்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“மேடம், இவர் இப்போது சொன்னது உண்மையில்லை” என்று சிங்களத்தில் சொன்னேன். பிறகு எல்லோருக்கும் விளங்கத் தமிழிலும் சொன்னேன். “பொட்டை அழிக்கச் சொன்னது நான். அவங்க வேண்டாம்னாங்க. நான்தான் வற்புறுத்தினேன்.” குறிப்பேட்டைத் திறந்து மேடத்தின் முன்னால் வைத்தேன்.

மேடம் வாசித்தார். பேனாவை மூடினார். எனக்கு அவர் திட்டுவார், குறைந்தபட்சம் பெருமூச்சு விடுவார் என்று இருந்தது. மேசையின் அந்தப் பக்கம் காலியாக இருந்த ஒரு கதிரையைக் கையால் காட்டினார்.

“நீங்கள் இப்போது சாட்சி. அங்கே போய் உட்காருங்கள்.”

எழுந்து, மேசையைச் சுற்றிக்கொண்டு போய், கமலவேணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டடி தூரம்தான் இருக்கும். உங்களில் எல்லோரும் ஒரு தடவை அந்தப் பக்கக் கதிரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது ஒரு பக்கம் ஆடும். இத்தனை வருடம் எத்தனையோ பேரை அதில் உட்கார வைத்திருக்கிறோம், நம்மில் ஒருவருக்கும் அது தெரியாது.

கமலவேணி குனிந்து மெல்லக் கேட்டார். “ஏங்க ஐயா சொன்னீங்க? நான் எப்படியாச்சும் சமாளிச்சிருப்பேன்ல.”

“எப்படிம்மா?”

அவர் கைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். எனக்கும் வழி தெரியாமல்தான் கேட்டேன்.

மொழிபெயர்க்க இனி ஆள் இல்லாததால், மேடம் தனக்குத் தெரிந்த மெதுவான தமிழிலேயே விசாரணையை நடத்தினார். பிரதிநிதிக்குக் கோபம் வந்துவிட்டது. அதில் நியாயமும் இருந்தது.

“ஒரு உத்தியோகத்தரே பொருளைப் பழுதாக்கச் சொல்லிப்போட்டு, இப்ப தன்ர கொப்பியை நம்பச் சொல்லுறார். இதை நாங்கள் எப்பிடி ஏற்கிறது?”

ஹாஜியார் கையை நீட்டினார். “அந்தக் கொப்பியக் கொஞ்சம் தாங்க பாப்பம்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு வரியையும் வாசித்தார். மறுபடி வாசித்தார். நாற்பது வருடம் கடை நடத்தியவர் பற்றுச்சீட்டைப் பார்க்கிற மாதிரி, தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். பிரதிநிதியிடம் சொன்னார்.

“தம்பி, பொய்க்கு எழுதுற மனிசன் மொதல் வரியோட நிப்பாட்டியிருப்பாரு. இந்த மனிசன் தனக்கே பாதகமா எழுதி வச்சு, அதக் கொண்டாந்து காட்டவும் செய்றாரு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? எண்ட கடையில வெறும் மெஷின ஓட்டிக் காட்டி அனுப்பினது எண்ட பிழை. அதையும் எழுதிக்கோங்க மேடம்.”

“ஹாஜியார், பொட்டு வச்ச மெஷினை எங்கட கம்பனி எடுக்காது” என்றார் பிரதிநிதி.

“இப்ப பொட்டு எங்க ஈக்குது? கழுவினதுக்கு ஒரு சட்டம், கழுவாட்டி ஒரு சட்டமா?” என்றார் ஹாஜியார். “நானும் லொறி எடுத்தா ஓதித்தான் ரோட்டுல விடுறன். நாளைக்கி எஞ்சின் பிழைன்டு கொண்டு போனா, ‘இது ஓதின லொறி, எடுக்க மாட்டோம்’ன்டு சொல்வாங்களா? சொன்னா நான்தான் சும்மா விடுவனா?”

மேடம் சிரித்ததை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். அதுவும் ஒரு நொடிதான். பிறகு தீர்மானத்தை எழுதினார். தண்ணீர் போவதற்கு முன்பே பழுது இருந்தது. சொந்தக்காரர் தன் பொருளில் பொட்டு வைப்பது அந்தப் பழுதை மாற்றாது. சனிக்கிழமைக்குள் வேறு புதிய கிரைண்டர் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் கடையிலேயே, ஊறிய அரிசி போட்டு, அவர் வழக்கமாக அரைக்கும் நேரம் முழுவதும் ஓட்டிக் காட்ட வேண்டும். பொட்டைப் பற்றி நான் எழுதக் கூச்சப்பட்ட ஒரு பக்கத்தை, அவர் ஒரே வரியில், சிங்களத்தில், மிகச் சாதாரணமாக எழுதி முடித்தார்.

என்னுடைய விஷயம் தனி. மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதில் கையொப்பம் மேடத்தினுடையது. இந்தத் தடவை கூடவே துவாய் வரவில்லை. விசாரணைகளிலிருந்து ஒரு வருடம் என்னை விலக்கி வைத்தார்கள். அந்த ஒரு வருடமும் கடை கடையாகப் போய் பிஸ்கட் பக்கெட்டுகளின் காலாவதித் திகதியை வாசித்தேன். மலைநாட்டில் விற்கும் எந்த பிஸ்கட்டின் திகதி எந்த மூலையில் அச்சிட்டிருக்கும் என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தண்டனை சரியானதுதான். பொருள் அப்படியே இருக்க வேண்டும் என்பது உங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்த விஷயம். எனக்கும் சொல்லித் தந்தார்கள்.

சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போக எனக்கு உத்தியோக முறையில் எந்த வேலையும் இல்லை. கடிதம் சட்டைப் பையில் இருந்தது. இருந்தாலும் போனேன். ரைஸ் குக்கர்கள் அடுக்கியிருந்த பக்கம், ஏதோ வாங்க வந்தவன் போல நின்றுகொண்டேன். சனிக்கிழமை என்பதால் கடை நிறைய ஆட்கள். நடுவில் புதுக் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. கமலவேணி கையில் துணியோடு பக்கத்தில் நின்று, மாவைத் தள்ளித் தள்ளி விட்டுக்கொண்டிருந்தார். டை கட்டிய பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு நிமிடம் போனது. நான் மூச்சை விட்டேன். இருபது, முப்பது, நாற்பத்தைந்து. மெஷின் நிற்கவில்லை. நிறுத்தியபோது பிரதிநிதியே முதலில் மோட்டரில் கையை வைத்துப் பார்த்தார்.

“சூடில்லை” என்றார். அவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. கெட்ட பிள்ளை இல்லை, கம்பனி கொடுத்த வரியை நம்பிய பிள்ளை.

ஹாஜியார் உத்தரவாத அட்டையில் சீல் அடித்துக் கொடுத்தார். மாவைத் தொட்டுப் பார்த்து, “நல்ல மா. வத்தேகமயில எந்தக் கடைன்டு சொல்லுங்க, அந்தப் பக்கம் போனா சாப்பிடுறன்” என்றார்.

கமலவேணி விரல்களைக் கழுவினார். கிரைண்டரின் முன்பக்கத்தைத் தன் முந்தானையால் துடைத்தார். பிறகு பர்சைத் திறந்து இரண்டு சின்னப் பொட்டலங்களை எடுத்தார். ஒன்றில் சந்தனம், ஒன்றில் குங்குமம். உள்ளங்கைத் துணியை அவிழ்த்து, காய்ப்பின் மேலேயே சந்தனத்தை வைத்து ஒரு சொட்டுத் தண்ணீரில் குழைத்தார். விரலால் தொட்டு எடுத்து, கிரைண்டருக்குக் கிட்டே கொண்டு போனவர், அப்படியே நின்றுவிட்டார். கடையைச் சுற்றிப் பார்த்தார். ரைஸ் குக்கர்களுக்குப் பின்னால் என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“ஐயா, இப்ப வைக்கலாங்களா?”

கடையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சட்டைப் பையில் இருந்த கடிதம் எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. இந்தக் கேள்வி வலித்தது. தன் பொருளில், தன் கையால் ஒரு பொட்டு வைக்க, ஒரு பெரிய மனுஷி சந்தனம் காயக் காய என் அனுமதிக்குக் காத்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி ஆக்கியது விற்றவர் இல்லை, கம்பனி இல்லை. உதவி செய்கிறேன் என்று உட்கார்ந்திருந்த நான்.

“அத என்னையக் கேக்காதீங்கம்மா” என்றேன். “சாமான் உங்களது.”

கமலவேணி காயத் தொடங்கிய சந்தனத்தில் இன்னொரு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். பிறகு கிரைண்டர் பக்கம் திரும்பி, முன்பு வைத்திருந்த அதே மூன்று இடங்களிலும் பொட்டு வைத்தார்.